இரண்டு அடுப்பு வீடு

"டீச்சர், ஒங்க வீட்டுல அடுப்பு எத்தன?"

"ரெண்டு."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இதுல யோசிக்கதுக்கு என்னவே கெடக்கு? முன்னால இருக்கது எனக்கு. பின்னால இருக்கது மருமகளுக்கு. உள்ள வந்து பாத்துக்கிடும்."

மூன்று வருஷத்துக்கு முன்பு, பாளையங்கோட்டையில் கோயில் மணி காதில் விழுகிற ஒரு பின்தெருவில் இந்தப் பேச்சு நடந்தபோது முத்துராணி அங்கே இல்லை. வரி வசூலிக்கிற பெருமாள்ராஜ்தான் கேட்டார். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். ஆனால் கேள்வி முத்துராணியுடையது. நகரத்தின் சொத்துவரி மதிப்பீட்டுப் பிரிவுக்கு அவள் தலைமை அதிகாரியாக வந்த முதல் வருஷம் கையெழுத்துப் போட்டு அனுப்பிய சுற்றறிக்கையில் அது ஐந்தாவது விதி. ஒரே கதவு எண்ணுக்குள் தனித்தனி அடுப்பு இருந்தால் தனித்தனி வீடாகக் கொள்க, தனித்தனி வரிவிதிப்பு எண் வழங்குக.

இப்போது அவளுடைய அறையில், மார்கழி மாதத்து ஒரு திங்கட்கிழமை, அந்தப் பேச்சை இரண்டு குரலிலும் டீச்சரே பேசிக் காட்டினார். தேவமணி டீச்சருக்கு எழுபத்தாறு வயது. முப்பத்தைந்து வருஷம் வகுப்பை அடக்கிய தொண்டை இன்னும் மங்கவில்லை. வெளியே வராந்தாவில் மனுவோடு நின்றவர்கள் கேட்டுச் சிரித்தார்கள். பக்கத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்த மருமகள் வடிவம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. நாற்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் மெல்லிய திருநீற்றுக் கோடு. கழுத்து வெறுமையாக இருந்தது.

"சரி டீச்சர்," என்றாள் முத்துராணி. "ரெண்டு அடுப்பு, ரெண்டு நம்பர். மூணு வருஷமா ரெண்டுக்கும் ஒழுங்கா கட்டியிருக்கிய. இப்ப ஒண்ணாக்கணும்னு கேக்கிய. வரியக் குறைங்கன்னு வாரவங்களத்தான் நான் பாத்திருக்கேன்."

"குறைக்க வேண்டாம் மேடம். கூட்டிக்கூடப் போடுங்க. ஒரே வீடுன்னு எழுதுங்க, அது போதும்."

"எதுக்கு?"

டீச்சர் மருமகள் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுட்டி."

"நீங்களே சொல்லுங்க அத்தை."

"எம் மவன நானே எப்படிச் சொல்லுவேன்?"

அந்த ஒரு வாக்கியத்தில் தொண்டை மங்கிவிட்டது. வடிவுதான் சொன்னாள். மெதுவாக, கணக்கு ஒப்பிக்கிற பிள்ளையைப் போல.

தெருவிலிருந்து நீளமாக உள்ளே போகிற வீடு. தெருவுக்கு ஒரே ஒரு வாசல். முன்னால் கூடம், இரண்டு அறை, சமையல்கட்டு. நடுவில் கிணற்று முற்றம். முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஓர் அறை, ஒரு சின்னச் சமையல்கட்டு. டீச்சரின் கணவர் பாக்கியசீலன் கட்டியது. அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவன் ஜெய்சன், இளையவன் ஜெனோ. ஜெய்சனைத்தான் வடிவு கட்டிக்கொண்டாள்.

"எங்க வீடு டவுண்ல, வாகையடி முக்குப் பக்கம். நாங்க சைவம் மேடம். முட்டை வாங்குன பையக்கூட வீட்டுக்குள்ள விட மாட்டாவ."

"இவ வந்த மொத நாளு நான் சாளை மீன் வறுத்துக்கிட்டிருந்தேன்," என்று டீச்சர் இடையில் புகுந்தார். "வாசப்படியிலயே மயங்கி விழுந்துட்டா. 'ஏலே ஜெய்சா, பொண்ணக் கூட்டிட்டு வந்தியா, பேய் புடிச்சத கூட்டிட்டு வந்தியா'ன்னு கேட்டேன்."

"அத்தை, அது எதுக்கு இப்ப?"

"இருட்டி. மேடத்துக்குத் தெரியாண்டாமா? எனக்கு மீன் இல்லாம சோறு எறங்காது மேடம். இவளுக்கு மீன் வாசத்துல சோறு எறங்காது. மூணு மாசம் ரெண்டு பேரும் பட்டினி. 'அம்மா, நாங்க வேணா வாடகைக்குப் போயிருதோம்'னு ஜெய்சன் பைய ஆரம்பிச்சான். எங்கனலே போவீங்கன்னு கேட்டுட்டு, மறுநாளே கொத்தனாரக் கூப்பிட்டு, கெணத்துக்கு அங்கிட்டு இவளுக்குன்னு ஒரு அடுப்படி கட்டிக் குடுத்தேன். நான் போட்ட பி.எஃப். கடன்ல. காந்திமதி அம்மன் படமும் நாந்தான் வாங்கிட்டு வந்தேன். ஜெபம் முன்னால, திருநீறு பின்னால. இருவது வருசம் ஒரு சண்ட இல்ல."

"நான் சொதி வச்சா அத்தை கிண்ணத்தத் தூக்கிட்டுக் கெணத்தடியத் தாண்டி வந்துருவாவ," என்றாள் வடிவு. அப்போதுதான் அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "தேங்காப்பால் அடியில தங்கிரும்னு ரெண்டாவது வாட்டி கலக்கி வாங்குவாவ."

முத்துராணி மனுவைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். மீதிக் கதை அவளுக்குப் பாதி தெரிந்ததுதான். இந்த அறையில் அதைப்போல நிறையக் கேட்டிருக்கிறாள். கணக்கெடுப்பு முடிந்து இரண்டு வரிச் சீட்டு வந்தது. முன்வீடு டீச்சர் பெயரில். பின்வீடு, யார் பெயரில் போட என்று பெருமாள்ராஜ் கேட்டதற்கு, ஜெய்சன் பெயரில். இரண்டு சீட்டையும் டீச்சர் பிளாஸ்டிக் உறையில் போட்டு பைபிளோடு வைத்திருந்தார். அடுத்த வருஷம் ஜெய்சனுக்கு மாரடைப்பு. மாடியில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அடக்கத்துக்கு ஓசூரிலிருந்து வந்த ஜெனோ, அந்த வாரமே இரண்டு சீட்டையும் மேசையில் விரித்தான்.

"'அம்மா, கவர்மெண்டே ரெண்டு வீடுன்னு போட்டுட்டு. பின்வீடு அண்ணன் பேரு, அது அண்ணிக்கு. முன்வீட்ட எனக்கு எழுதிக் குடுத்துரு. நான் என்ன விக்கவா போறேன்'னு கேட்டான் மேடம்," என்றாள் வடிவு. "அத்தைக்கு அது நியாயமாத் தெரிஞ்சுது. எனக்கும் தெரிஞ்சுது. ரெண்டு பிள்ளையள், ரெண்டு வீடு. முன்வீட்ட அவனுக்கும் பின்வீட்ட எனக்கும் எழுதிக் குடுத்தாவ. அளவெல்லாம் வரிச் சீட்டப் பாத்துத்தான் எழுதுனாவ."

"இப்ப விக்கான்," என்றாள் முத்துராணி.

"பக்கத்து ஸ்கேன் சென்டர்காரங்களுக்கு. கார் நிறுத்த எடம் வேணுமாம்."

"பின்வீட்டுக்குப் பாதை?"

"எந்தப் பாத மேடம்? வாசல் ஒண்ணு, அது முன்வீட்டுல. கெணறும் முன்வீட்டு அளவுல போயிட்டு. எனக்கு ஒரு ரூமும் ஒரு அடுப்பும் இருக்கு. வெளிய வரணும்னா பறந்துதான் வரணும்."

"என்ன ஓசூருக்குக் கூட்டிட்டுப் போறானாம்," என்றார் டீச்சர். "எட்டாவது மாடி."

வக்கீல் குமரகுருபரன் எழுதித் தந்த தாளை வடிவு நீட்டினாள். இது ஆதியிலிருந்தே ஒரே வீடு, தவறுதலாக இரண்டாகப் பிரிக்கப்பட்டது என்று மதிப்பீட்டுப் பிரிவு ஒரு உத்தரவு கொடுத்தால், அதை வைத்துக் கோர்ட்டில் தடை கேட்க ஒரு பிடி கிடைக்கும். கிரயப் பதிவு ஜனவரி இருபத்தெட்டாம் தேதி. அதற்கு முன்னால் வேண்டும்.

"பிரியணும்னு வச்ச அடுப்பு இல்ல மேடம் அது," என்று எழுந்திருக்கும்போது டீச்சர் சொன்னார். "இவ எங்கூட இருக்கணும்னு வச்சது."

அவர்கள் போன பிறகு முத்துராணி கொஞ்ச நேரம் அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை.

அந்த ஐந்தாவது விதியை எழுத அவளுக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. எந்தப் புத்தகத்தையும் பார்க்கவில்லை. செய்துங்கநல்லூர்ப் பக்கம் வயல் வேலைக்குப் போகிற குடும்பம் அவளுடையது. அப்பாவும் சித்தப்பாவும் ஒரே குடிசை. அவளுக்கு எட்டு வயதாக இருக்கும்போது, என்ன சண்டையோ, ஒரு விடியற்காலை சித்தி எதிர் மூலையில் மூன்று கல்லைக் கொண்டுவந்து வைத்து விறகை மூட்டினாள். சுவர் எழுப்பவில்லை. பத்திரம் எழுதவில்லை. அவ்வளவுதான். நேற்றுவரை ஒரே தட்டில் கை போட்ட சித்தி மகள் அன்றிலிருந்து புகைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டாள், முத்துராணியின் முகத்தைப் பார்க்காமல். 'அடுப்பு பிரிஞ்சுட்டு' என்று ஊர் சொன்னது. ரேஷன் கார்டு எழுத வந்தவரும் அதையே எழுதிக்கொண்டு போனார். அடுப்பு இரண்டானால் குடும்பம் இரண்டு. அதற்கு இன்னோர் அர்த்தம் இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அந்த விதியால் நகரத்தில் ஆயிரத்து நூறு வீடு புதிதாக முளைத்தது. சுதந்திர தினத்தன்று மேடையில் ஏற்றிப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள்.

கண்காணிப்பாளர் இசக்கியப்பன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தார். அலுவலகத்தில் அவர் காதுக்கு எட்டாத பேச்சு கிடையாது.

"ஒண்ணுன்னு எழுதிராதிய மேடம்."

"ஏன்?"

"பாவமாத்தான் இருக்கு. எனக்கும் அழுக வந்துட்டு. ஆனா இவுகளுக்கு ஒரு உத்தரவு போட்டா, நாளைக்கு மிச்சம் ஆயிரத்து நூறு பேரும் ஆட்டோ புடிச்சு வந்து நிப்பாவ. தவறுதலாப் பிரிச்சதுன்னு எழுதுனா, யாரு பிரிச்சான்னு தணிக்கைக்காரன் கேப்பான். யாரு சுற்றறிக்கைன்னு கேப்பான். மேடத்துக்கு மே மாசம் ரிட்டயர்மெண்ட். பென்ஷன் பேப்பர் இப்பத்தான் மேல போயிருக்கு."

"தெரியும்."

"நான் முப்பது வருசம் பாத்துட்டேன். கடைசி அஞ்சு மாசத்துல பேனாவ மூடி வச்சிருக்கவங்கதான் நிம்மதியா வீட்டுக்குப் போயிருக்காவ."

அவர் சொன்னது அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பயம் பிடித்துக்கொண்டது. அவள் சம்பளத்தில் ஏறிய குடும்பம் ஒன்று பின்னால் இருக்கிறது. பென்ஷன் நின்றால் தம்பி மகளின் படிப்பு நிற்கும். மனுவின் ஓரத்தில், ஆபத்து வேளையில் எல்லா அதிகாரிகளும் எழுதுகிற அந்த வரியை எழுதினாள். நேரில் ஆய்வு செய்து அறிக்கை அளிக்கவும்.

அதற்குள் பொங்கல் வந்தது. நாலு நாள் ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. இருபதாம் தேதி பெருமாள்ராஜின் அறிக்கை மேசைக்கு வந்தது. இரண்டே வரி. 'நேரில் ஆய்வு செய்யப்பட்டது. அடுப்புகள் இரண்டு உள்ளன, எனவே பிரித்தது சரியே.'

அவரைக் கூப்பிட்டாள்.

"வேற ஒண்ணும் பாக்கலியா நீங்க?"

"வேற என்ன மேடம் பாக்க?"

"வாசல் எத்தன? பாதை இருக்கா? கெணறு யாரு பக்கம்?"

"சுற்றறிக்கையில அடுப்பத்தான மேடம் எண்ணச் சொல்லியிருக்கு?"

பெருமாள்ராஜ் குசும்பாகக் கேட்கவில்லை. நல்ல மனுஷன், நிஜமாகவே கேட்டார்.

"டீச்சர் என்ன சொன்னாவ?"

"அழுதாவ. எனக்கு மனசு கேக்கல. 'ஒரு அடுப்பா இருந்திருந்தா நான் ஒண்ணுன்னு எழுதியிருப்பேன் டீச்சர், எங்கையில என்ன இருக்கு'ன்னு சொல்லிட்டு வந்தேன்."

புதன்கிழமை ஃபைல் மேசையின் இடது பக்கம் இருந்தது. வியாழக்கிழமை வலது பக்கம் இருந்தது. இசக்கியப்பன் வரும்போதும் போகும்போதும் அதைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை எல்லோரும் போன பிறகு முத்துராணி கதவைச் சாத்திக்கொண்டு, தன் கைப்படவே உத்தரவை எழுதினாள். 'மேற்படி கட்டடம் ஒரே வாசலும் ஒரே கிணறும் கொண்ட ஒரே குடியிருப்பாகும். இரண்டாகப் பிரித்து மதிப்பிட்டது இந்தப் பிரிவின் தவறு.' தவறு என்ற சொல்லை எழுதிவிட்டு, 'தவறுதல்' என்று மாற்றலாமா என யோசித்து, மாற்றாமல் விட்டாள். கையெழுத்துப் போடவில்லை. ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டுப் போடலாம். இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.

சனிக்கிழமை காலை ஆட்டோவில் தனியாகப் போனாள். ஸ்கேன் சென்டர் வாசலில் கார்கள் தெருவை அடைத்து நின்றன. அதை ஒட்டி டீச்சர் வீடு. உள்ளே கால் வைக்கும் முன்பே மீன் வறுக்கிற வாசம் வந்தது.

"தீயக் குறைட்டி. கருக்கிராத."

"குறைச்சாச்சு அத்தை."

"இப்பத் திருப்பு. பைய. வால் ஒடஞ்சிராம."

முன் சமையல்கட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு டீச்சர் உட்கார்ந்திருந்தார். உள்ளே அடுப்பின் முன்னால், முந்தானையை மூக்கோடு சேர்த்துப் பின்கழுத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, வடிவு சாளை மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"வாங்க மேடம், வாங்க!" டீச்சருக்கு அப்படி ஒரு சந்தோஷம். "நீங்களே வந்துட்டியளா? இப்பப் பாருங்க. ஒரு அடுப்பு. நல்லா எண்ணிக்கிடுங்க."

முத்துராணி முற்றத்தைத் தாண்டிப் பின்னால் போனாள். சின்னச் சமையல்கட்டில் மேடை இருந்த இடம் செங்கல் குவியலாகக் கிடந்தது. சுவரில் மஞ்சள் கறையும் எண்ணெய்ப் பிசுக்கும் ஓர் ஆள் உயரத்துக்கு அப்படியே இருந்தன. காந்திமதி அம்மன் படம் செய்தித்தாளில் பொதிந்து மூலையில் சாத்தியிருந்தது. கடப்பாரையை யாரும் எடுத்து வைக்கவில்லை.

திரும்பி வந்தாள். "யாரு இடிச்சா?"

"இவதான். நான் ஆள் கூப்பிடுதேன்னேன். அதுக்குள்ள இவளே போட்டு இடிச்சுட்டா."

"அத்தை மீன விட்டுருதேன்னாவ," என்றாள் வடிவு, முந்தானைக்குள்ளிருந்து. "எழுவத்தாறு வயசுல எதுக்கு விடணும்? நான் பழகிக்கிடுதேன்னு சொன்னேன். நேத்து ரெண்டு வாட்டி வாந்தி எடுத்தேன் மேடம். இன்னைக்கு ஒரு வாட்டிதான்."

"திங்கச் சொல்லல மேடம் நான். வறுத்து மட்டும் குடுக்கா. அவளுக்குச் சோறும் ஒரு வெஞ்சனமும் முதல்லயே வச்சு மூடிட்டு, பொறவுதான் மீன்சட்டியத் தொடுதா. சட்டியத் தனியா கவுத்தி வச்சிருதோம். ஒரு அடுப்புல ரெண்டும் நடக்கும் மேடம். நடக்கும்னு எழுதுங்க."

முத்துராணி இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அடுப்பை இடித்திருக்க வேண்டியதே இல்லை. அந்த இரண்டாவது அடுப்பு அப்படியே இருந்திருந்தாலும் இது ஒரே வீடுதான். அதைத்தான் அவள் எழுதியிருந்தாள். பையிலிருந்து உத்தரவை எடுத்து, மடியில் கைப்பையை வைத்து, அதன் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். தேதியும் போட்டாள்.

டீச்சர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, முழுவதையும் வாய்விட்டு வாசித்தார். "'ஒரே குடியிருப்பாகும்.' ஏட்டி, கேட்டியா? ஒரே குடியிருப்பாகும். என்ன அழகா எழுதியிருக்காவ பாரு. மேடம், ஒரு வாய் சாப்பிட்டுட்டுத்தான் போணும்."

அப்போது செல்போன் அடித்தது. டீச்சருக்குக் காதில் வைத்தால் சரியாகக் கேட்காது. எப்போதும் சத்தமாக வைத்துத்தான் பேசுவார்.

"அம்மா, துணியெல்லாம் எடுத்து வச்சாச்சா?"

"ஏலே ஜெனோ, நல்ல நேரத்துல கூப்பிட்ட. இங்க மேடம் வந்திருக்காவ. ஒரே வீடுன்னு எழுதிக் குடுத்துட்டாவ. இனி விக்க முடியாது, கேட்டியா? நீ அவங்ககிட்ட அட்வான்ஸத் திருப்பிக் குடுத்துரு."

"எந்த மேடம்? அம்மா, வியாழக்கிழமையே பதிஞ்சாச்சு. அவங்களுக்கு அவசரம்னாங்க. எனக்கும் அன்னைக்குத்தான் லீவு கெடச்சுது."

"எங்கன பதிஞ்ச?"

"அங்கதான், பாளையங்கோட்டையில. வந்துட்டு அன்னைக்கு ராத்திரி பஸ்ஸுக்கே திரும்பிட்டேன்."

டீச்சர் போனை இன்னும் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "ஊருக்கு வந்தியா? வியாழக்கெழம ஊருக்கு வந்தியா நீ?"

"ஆமா."

"வீட்டுக்கு வரலியே லே."

"நேரம் இல்லம்மா. திங்கட்கிழமை காலைல கார் வரும், ரெடியா இரு. அண்ணிகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

மீன் கருகியது. அடுப்படி முழுக்கப் புகை. வடிவு அடுப்பை அணைத்துவிட்டு, சட்டியைத் தொடாமல், சுவரைப் பார்த்து நின்றாள். முடிச்சுப் போட்ட முந்தானை மூக்கிலேயே இருந்தது. அழுகிறாளா, புகையா என்று தெரியவில்லை.

டீச்சர் மடியில் கிடந்த தாளை எடுத்து நான்காக மடித்தார். பிறகு பிரித்தார். பாடம் தெரியாத பிள்ளை டீச்சரைப் பார்ப்பதுபோல முத்துராணியைப் பார்த்தார்.

"இத இப்ப என்ன செய்ய மேடம்?"

"வக்கீல்ட்ட குடுத்துப் பாருங்க," என்றாள் முத்துராணி.

வக்கீல் பார்த்தார். வாங்கினவர்கள் மேலும் மகன் மேலும் சேர்த்து வழக்குப் போட வேண்டும், வருஷக்கணக்கில் ஆகும், இந்தத் தாள் முந்தின வாரம் கிடைத்திருந்தால் வேறு என்றார். எம் மவனக் கூண்டுல ஏத்திட்டு எந்த மொகத்தோட கோயிலுக்குப் போவேன் என்று டீச்சர் கேட்டாராம். திங்கட்கிழமை கார் வந்தது. இதெல்லாம் பெருமாள்ராஜ் சொல்லித்தான் முத்துராணிக்குத் தெரியும்.

பிப்ரவரியில் அவள் ஐந்தாவது விதியை ரத்து செய்து புதிய சுற்றறிக்கை அனுப்பினாள். இனி வாசலையும் பாதையையும் பார்த்து, வீட்டில் இருப்பவர்களைக் கேட்டு எழுத வேண்டும். பிரித்தது தவறு என்று நினைப்பவர்கள் மனு கொடுக்கலாம். ஆயிரத்து நூறு பேர் வரவில்லை. நாற்பத்தொரு பேர் வந்தார்கள். மற்றவர்களுக்கு உண்மையிலேயே வீடு இரண்டாகத்தான் இருந்ததோ, அல்லது இதற்குள் ஆகிவிட்டதோ. ஏப்ரலில் தணிக்கைக் குழு வந்து பத்து நாள் உட்கார்ந்து, காப்பி குடித்து, போயிற்று. பென்ஷன் உத்தரவும் ஒழுங்காக வந்து சேர்ந்தது.

"யாருமே ஒண்ணும் கேக்கலியே மேடம்!" என்றார் இசக்கியப்பன். அவருக்கே ஆச்சரியம்.

"ஆமா. கேக்கல."

"நான் என்னமோ நெனச்சேன்."

"நானுந்தான்," என்றாள் முத்துராணி. அவர் இன்னும் ஏதோ சொல்ல நின்றார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மே மாதம் மூன்றாவது திங்கட்கிழமை வடிவு வந்தாள். மெலிந்திருந்தாள். கையில் ஒரே ஒரு தாள்.

"நம்பர எடுக்கணும் மேடம். பின்வீட்ட அவங்களுக்கே குடுத்துட்டேன். பாத இல்லாத வீட்ட வேற யாரு வாங்குவா? போன மாசம் எல்லாத்தையும் இடிச்சுத் தரையாக்கிட்டாவ. வீடு இல்ல, ஆனா எம் பேருல வரி வருது."

முத்துராணி தாளை வாங்கினாள். காரணம் என்ற கட்டத்தில், 'கட்டடம் இல்லை' என்று குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தது.

"டீச்சர் எப்படி இருக்காவ?"

"ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கோயில் முடிஞ்சதும் போன் பண்ணுவாவ. இன்னைக்கு என்ன வச்சன்னு கேப்பாவ. நானும் நீங்க என்ன சாப்பிட்டியன்னு கேப்பேன். அங்க மீன், பெட்டியில போட்டு ஆன்லைன்ல வருதாம். 'அது மீனாட்டி? ரப்பரு'ன்னு சொல்லுவாவ. பொறவு ரெண்டு பேருக்கும் பேச்சு வராது. வச்சிருவோம்."

"நீ எங்கன இருக்க?"

"டவுண்ல அண்ணன் வீட்டுல. வேண்டாம்னு சொல்லல மேடம். இருவது வருசத்துக்குப் பொறவும் உள்ள கூப்பிட்டாவ, அது பெருசுதான. ஆனா மீன்சட்டி புடிச்ச கையில்லா? எப்படியோ அண்ணிக்குத் தெரிஞ்சுபோச்சு. மொட்டமாடில எனக்குத் தனியா ஒரு அடுப்பு வச்சுக் குடுத்திருக்கா." வடிவு லேசாகச் சிரித்தாள். "அத எண்ணுததுக்கும் ஆள் வருமா மேடம்?"

"வராது," என்றாள் முத்துராணி.

அந்த அடுப்பை அவள் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. மூன்று கல்லும், புகைக்கு அந்தப் பக்கம் குனிந்த முகமும் அவளுக்கு நன்றாகத் தெரியும். தாளில் கையெழுத்துப் போட்டு முத்திரைக்கு அனுப்பினாள். சாய்ந்து உட்காரச் சொன்னாள். வடிவு அப்போதும் நாற்காலியின் நுனியில்தான் இருந்தாள்.

"நேத்து சொதி வச்சேன்," என்றாள், மேசையின் விளிம்பைப் பார்த்தபடி. "எத்தன வாட்டி நெனச்சாலும் கை ரெண்டு ஆளுக்குத்தான் அளக்கு மேடம். மிச்சத்தக் கீழ கொண்டுபோய்க் குடுத்தா அண்ணி வாங்க மாட்டா. வெயில்ல வச்சா ஒரு மணி நேரத்துல திரிஞ்சுபோவுது."